தூக்கத்துக்குக் கொடுக்கும் பணம்: இசைவிழா முகாமில் பிரீமியமா, பொதுவா?

பல நாள் நடக்கும் இசைவிழாவுக்கு டிக்கெட் எடுத்த நண்பர்கள் அடுத்தபடியாக என்னிடம் கேட்பது இதைத்தான்: பொது முகாமில் கூடாரம் அடித்தால் போதுமா, கூடுதல் பணம் கட்டி பிரீமியம் எடுக்கலாமா? இரண்டிலும் தங்கியிருக்கிறேன், வெயிலிலும் சேற்றிலும், நண்பர்களோடும் குடும்பத்தோடும். எனக்கு உறுதியாகத் தோன்றுவது ஒன்றுதான். கட்டும் கூடுதல் பணத்துக்குத் தூக்கம் கிடைக்குமா என்று முதலில் பாருங்கள். மாதக்கணக்கில் காத்திருந்த பாடகர் மூன்றாம் நாள் இரவு மேடையேறும்போது கண்ணைத் திறந்து வைத்திருக்க முடியவில்லை என்றால், முகாமில் இருந்த மற்ற வசதிகளால் என்ன பயன்? தூக்கத்துக்கு அடுத்தது கழிப்பறை. அதற்கடுத்தது நடை. மெத்தை, தொங்கும் விளக்கு, தரைவிரிப்பு எல்லாம் கடைசியில்தான்.

பிரீமியம் என்று விற்கப்படுவது விழாவுக்கு விழா வேறுபடும். சில இடங்களில் அது வெறும் நிலம். கூடாரத்தை நீங்களே கொண்டுவந்து அடிக்க வேண்டும். ஆனால் வேலி போட்ட தனிப் பகுதி, அளந்துவிட்ட இடம், அடிக்கடி கழுவப்படும் கழிப்பறை, வெந்நீர் ஷவர் ஆகியவை உண்டு. சில இடங்களில் கூடாரம் மட்டும் தயாராக நிற்கும். உள்ளே ஒன்றும் இருக்காது, பாயும் தலையணையும் உங்கள் பொறுப்பு. இன்னும் சில இடங்களில் கட்டில், மெத்தை, விரிப்பு, மின்னிணைப்பு வரை எல்லாம் இருக்கும். விளம்பரப் படம் பெரும்பாலும் இந்தக் கடைசி வகையைத்தான் காட்டும். அதன் கீழே போட்டிருக்கும் குறைந்த தொகையோ முதல் வகைக்கு உரியது. படத்தை மூடிவிட்டு, கட்டணத்தில் என்னென்ன அடங்கும் என்ற பகுதியை வரி வரியாகப் படியுங்கள். தலையணை என்று எழுதியிருக்கவில்லை என்றால் தலையணை இல்லை என்றே கொள்ளுங்கள்.

அதிகப் பணம் கட்டினால் மேடைக்கு அருகே இடம் கிடைக்கும் என்று பலரும் இயல்பாக நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி ஒரு பொது விதி இல்லை. இங்கிலாந்தின் சாமர்செட்டில் உள்ள வொர்த்தி பண்ணையில் 1970-இல் தொடங்கிய கிளாஸ்டன்பரி விழாவில், முகாம் இடம் சாதாரண டிக்கெட்டிலேயே அடக்கம். விழாத் திடலுக்குள் முகாமுக்கென ஒதுக்கிய வயல்களில், முன்னால் வருபவர் தமக்குப் பிடித்த இடத்தில் கூடாரம் அடித்துக்கொள்ளலாம். தனியாகப் பணம் கட்டித் தங்கும் வொர்த்தி வியூ முகாமில் கூடாரங்கள் தயாராக நிற்கும். ஆனால் அது விழா வேலிக்கு வெளியே, மேட்டின் மேல் இருக்கிறது. அமைதியும் குளியல் வசதியும் கிடைக்கும். அதற்கு ஈடாக, நள்ளிரவுக்குப் பிறகு களைத்த கால்களோடு மேடேற வேண்டும். சிலருக்கு இது நல்ல பேரம். முழங்கால் வலி உள்ளவருக்கு அப்படி இருக்காது.

தூரம் பற்றி நான் நேரில் கற்றதைச் சொல்கிறேன். ஒரு விழாவில் எங்களுக்கு விற்ற பிரீமியம் இடத்தை, அரங்கிலிருந்து சில நிமிட நடை என்று விவரித்திருந்தார்கள். நடந்து பார்த்தபோது அந்தச் சில நிமிடம் நுழைவாயில் வரைக்கும்தான் என்று தெரிந்தது. அங்கே பையைத் திறந்து காட்டும் வரிசை இருந்தது. அதைக் கடந்து பெரிய மேடையை எட்ட மீண்டும் அதே அளவு நடை. அந்த வாயிலோ பொது முகாமில் இருப்பவர்களும் வந்து சேரும் அதே வாயில். தனி வாயில் இல்லாத பிரீமியத்தால் வரிசையில் ஒரு நிமிடம்கூட மிச்சமாகாது. எனவே வாங்குமுன் அமைப்பாளருக்கு மின்னஞ்சல் அனுப்பி மூன்று விஷயங்களைக் கேட்டுவிடுகிறேன். முகாமிலிருந்து அரங்க வாயில் எவ்வளவு தூரம்? அந்த வாயில் எங்களுக்கு மட்டுமா? பகலில் வெளியே வந்துவிட்டு மறுபடி உள்ளே போக விடுவார்களா? மூன்றாவது கேள்வியைப் பலரும் கேட்பதில்லை. மறுநுழைவு இல்லாத விழாவில் மதிய வெயிலுக்குக் கூடாரத்துக்குத் திரும்ப முடியாது. அப்படியிருக்க, நிழலான நல்ல கூடாரத்துக்குக் கொடுத்த பணத்தில் பாதி பயன்படாமலே போகும்.

பொது முகாமின் இரவைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முடிவு அங்கேதான் இருக்கிறது. மேடையில் இசை நின்ற பிறகு முகாமில் இசை தொடங்கும். பக்கத்துக் கூடாரத்தில் ஒருவர் ஸ்பீக்கரைப் போட, எதிர்ப்பக்கம் இன்னொருவர் வேறு பாட்டைப் போடுவார். கயிற்றில் கால் தட்டி விழுபவர்கள், தம் கூடாரம் எது என்று தெரியாமல் டார்ச் அடித்துத் தேடுபவர்கள், விடியும்வரை பேசிச் சிரிக்கும் கூட்டம். ஒரு வழியாக எல்லாம் அடங்கும் நேரத்தில் சூரியன் வந்துவிடும். வடக்கு ஐரோப்பாவின் கோடையில் நாலரை மணிக்கெல்லாம் பொழுது விடிந்துவிடுகிறது. மெல்லிய நைலான் கூடாரத்துக்குள் வெளிச்சம் நேரே பாயும். சற்று நேரத்தில் காற்றே இல்லாமல் புழுங்கத் தொடங்கும். எட்டு மணிக்கு மேல் உள்ளே படுத்திருப்பது பெரும்பாடு.

இதைக் குறையாக மட்டும் சொல்லவில்லை. பொது முகாமின் உயிரே அந்தக் கூட்டம்தான். டென்மார்க்கில் 1971 முதல் நடந்துவரும் ரோஸ்கில்டே விழாவில், பெரிய மேடைகள் தொடங்குவதற்குப் பல நாள் முன்பே முகாம் திறந்துவிடும். இளைஞர்கள் அந்த நாட்களுக்காகவே வருகிறார்கள், முகாமே விழாவாகிவிடுகிறது. பொது முகாமில் நான் சந்தித்தவர்கள் சிலர் இன்றும் என் நண்பர்கள். ஆணி போதாமல் தவித்தபோது பக்கத்துக் கூடாரத்துக்காரர் கேளாமலே நான்கு ஆணிகளை நீட்டினார். அதே மாலை எங்கள் சுத்தியல் அவர் கைக்குப் போனது. வேலி போட்ட பிரீமியம் பகுதியில் அத்தகைய பேச்சு எனக்கு அரிதாகவே வாய்த்தது. எல்லோரும் நன்றாகத் தூங்கினார்கள், எழுந்தார்கள், குளித்தார்கள், அரங்குக்குப் போனார்கள். யாரும் யாரையும் கூப்பிட வேண்டிய தேவையே எழவில்லை. தனியாக வருபவர், புது நண்பர்களை நாடி வருபவர் எனில், பொது முகாமை யோசிக்காமல் எடுங்கள் என்பேன்.

கழிப்பறை விஷயத்தில் என் அக்காவின் தீர்ப்பை அப்படியே ஏற்கிறேன். பொது முகாமில் காலை வரிசையில் நின்றுவிட்டு வந்தவர் சொன்னார்: “தம்பி, நாம் பாட்டுக் கேட்க வந்தோமா, வரிசையில் நிற்க வந்தோமா? அடுத்த முறை மெத்தை வேண்டாம், தாழ்ப்பாள் சரியாக விழும் கழிப்பறை இருக்கிறதா என்று மட்டும் பார்.” பெண்களுக்கு இது வசதியைவிடப் பெரிய விஷயம். இருட்டில் எவ்வளவு தூரம் தனியாக நடக்க வேண்டும், வழியில் விளக்கு உண்டா, இரவிலும் பணியாளர் இருப்பாரா என்பதெல்லாம் சேர்ந்துதான் பாதுகாப்பு. அந்த உறுதி பிரீமியத்தில்தான் கிடைக்கும் என்றால் அந்தப் பணம் நியாயமான பணம். குடும்பப் பெண்களோடும் சிறு பிள்ளைகளோடும் போகும்போது நான் கணக்குப் பார்ப்பதில்லை.

ஆனால் உடல் நலம், மாற்றுத்திறன், கர்ப்பம் ஆகிய காரணங்களுக்காக யாரும் பிரீமியத்துக்கு ஓட வேண்டாம். பெரிய விழாக்கள் பலவற்றில் இதற்கென்றே அணுகல் வசதி கொண்ட தனி முகாம் இருக்கிறது: சமதளத் தரை, அதற்கேற்ற கழிப்பறை, மருந்து வைக்கக் குளிர்பெட்டி, சக்கர நாற்காலிக்கு மின்னேற்றம். துணைக்கு வருபவருக்குத் தனி டிக்கெட் கேட்காத விழாக்களும் உண்டு. முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும், சான்று கேட்பார்கள், அவ்வளவுதான். இது உரிமை. இதை அறியாமல் கூடுதல் பணம் கட்டியவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் வலிக்கிறது. வாங்கும் முன் விழாவின் அணுகல் பகுதியை ஒருமுறை படித்துவிடுங்கள்.

படங்களை நம்பி வாங்குவதன் எல்லை எது என்பதற்கு 2017-ஆம் ஆண்டின் ஃபயர் விழாவே சாட்சி. பஹாமாஸ் தீவுகளில் சொகுசு இருப்பிடம் என்று விளம்பரம் செய்து பெருந்தொகை வாங்கினார்கள். போய் இறங்கியவர்களுக்குக் கிடைத்தவை பேரிடர் நிவாரணத்துக்குப் பயன்படும் கூடாரங்கள். மழையில் நனைந்த மெத்தைகள். அமைப்பாளர் பில்லி மெக்ஃபார்லண்டுக்கு மோசடிக் குற்றத்துக்காக 2018-இல் ஆறு ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. எல்லா விழாவும் அப்படிப் போவதில்லை. இருந்தாலும் முதல் ஆண்டு நடக்கும் விழாவில் விலையுயர்ந்த முகாமை நான் எடுப்பதில்லை. சில ஆண்டுகள் நடந்த விழா என்றால், அங்கே தங்கியவர்கள் எடுத்த படங்கள், குறிப்பாகக் கடைசி நாள் படங்கள், கிடைக்கும். விளம்பரப் படத்தைவிட அவற்றில் விஷயம் அதிகம்.

மழைக்கு பிரீமியம், பொது என்ற பேதம் தெரியாது. 2023-இல் ஜெர்மனியின் வாக்கன் விழாவில் தொடர்மழையால் வயல்கள் சேறாகி, டிக்கெட் வைத்திருந்தவர்கள் வந்துகொண்டிருக்கும்போதே நுழைவை நிறுத்தினார்கள். 2025 ஜூனில் அமெரிக்காவின் டென்னசியில் நடந்த பொன்னரூ விழாவை, நிலம் நீரில் ஊறிப்போனதால் பாதியிலேயே ரத்து செய்தார்கள். அதனால் நிறுத்தப்பட்டால் முகாம் கட்டணமும் திரும்புமா, டிக்கெட் பணம் மட்டுமா என்று விதிகளில் தேடிப் பாருங்கள். இரண்டும் தனித்தனி ஒப்பந்தமாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். கூடாரங்களை வேறொரு நிறுவனம் வாடகைக்கு விடும் விழாக்களில் இது இன்னும் சிக்கல். பிரீமியம் கூடாரம் பற்றிக் கேட்க வேண்டிய இன்னொன்று, தரை பலகை மேல் இருக்கிறதா, வெறும் புல் மேலா என்பது. பள்ளத்தில் அடித்த சொகுசுக் கூடாரத்தைவிட மேட்டில் அடித்த சாதாரணக் கூடாரம் பல மடங்கு மேல்.

இடியும் மின்னலும் வந்தால் எந்தக் கூடாரமும் பாதுகாப்பில்லை, எவ்வளவு பணம் கொடுத்ததாக இருந்தாலும். உறுதியான கட்டடத்துக்குள் போங்கள். அது இல்லையென்றால் கூரையும் கதவும் மூடிய காருக்குள். கூடாரத்துக்கு அருகிலேயே காரை நிறுத்தும் முகாம் வகை சில விழாக்களில் உண்டு; இந்த ஒரு காரணத்துக்காகவே அது எனக்குப் பிடிக்கும். கதவைப் பூட்டிப் பொருட்களை வைக்கலாம், ஈரத் துணியை மாற்றலாம். என் கணிப்பில் பலருக்கு பிரீமியத்தைவிட இதுவே பொருத்தம்.

இனி கணக்கு. பிரீமியம் தொகையைப் பார்த்ததும் மலைத்துப்போகாமல், அதைத் தலைக்கும் இரவுக்குமாக வகுத்துப் பாருங்கள். நான்கு பேர் கூடாரத்தில் நான்கு பேரும் படுத்தால் ஒரு கணக்கு. இருவர் மட்டும் படுத்தால் வேறு கணக்கு. கூடாரத்தில் நால்வருக்கானது என்று போட்டிருந்தால், பெட்டிகளோடு இருவர், நெருக்கினால் மூவர் என்று கொள்ளுங்கள். மறுபக்கம், பொது முகாமுக்காகப் புதிதாக வாங்க வேண்டிய கூடாரம், உறங்குபை, அடிவிரிப்பு, விளக்கு எல்லாவற்றையும் கூட்டுங்கள். விமானத்தில் போகிறவர் கூடுதல் பெட்டிக் கட்டணத்தையும் சேர்க்க வேண்டும். சொந்தமாக எதுவும் இல்லாமல் வெகுதூரத்திலிருந்து பறந்து வருபவருக்கு, தயாராக நிற்கும் கூடாரம் கடைசியில் மலிவாகவே முடியும். ஏற்கெனவே எல்லாம் வைத்திருந்து ஆண்டுதோறும் போகிறவருக்கு அது வீண்.

மலிவான கூடாரத்தை வாங்கி, அங்கேயே விட்டுவிட்டு வருவது மூன்றாவது வழி என்று சிலர் சொல்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பிரிட்டனில் மட்டும் ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 2,50,000 கூடாரங்கள் இசைவிழாத் திடல்களில் கைவிடப்படுவதாக அங்குள்ள சுயேச்சையான இசைவிழாக்களின் கூட்டமைப்பு 2019-இல் மதிப்பிட்டது. ஒரு கூடாரத்தில் உள்ள பிளாஸ்டிக் 8,750 உறிஞ்சுகுழல்களுக்குச் சமம் என்றும் அது கணக்கிட்டது. விட்டுவிட்டால் யாரோ தொண்டு நிறுவனத்தார் எடுத்துக்கொள்வார்கள் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. பெரும்பாலானவை குப்பைக்குத்தான் போகின்றன. கடைசி நாள் காலை, வயல் முழுக்க மடிந்து கிடக்கும் கூடாரங்களைப் பார்த்திருக்கிறேன். இசை கேட்டு வந்த மகிழ்ச்சியை அந்தக் காட்சி பாதியாக்கிவிடுகிறது. தூக்கிச் செல்ல முடியாது என்று முன்பே தெரிந்தால், வாடகைக் கூடாரத்தை எடுங்கள்.

என் சொந்தத் தேர்வு இப்போது பெரும்பாலும் நடுவழிதான். விழாவில் அமைதிப் பகுதி என்றோ குடும்பப் பகுதி என்றோ தனியாக இருக்கிறதா என்று தேடுகிறேன். பல விழாக்களில் அது பொது டிக்கெட்டிலேயே கிடைக்கிறது, சில இடங்களில் பதிவு மட்டும் செய்ய வேண்டும். இரவில் ஸ்பீக்கர் கூடாது என்ற விதி அங்கே ஓரளவு மதிக்கப்படுகிறது. பிரீமியத்தின் முதல் பயன் தூக்கம் என்றால், அதில் பெரும்பகுதி இங்கே இலவசமாகவே வந்துவிடுகிறது. அதோடு பூட்டும் பெட்டி ஒன்றை வாடகைக்கு எடுத்துப் பணத்தையும் கடவுச்சீட்டையும் அதில் வைக்கிறேன். கூடாரத்தின் ஜிப்புக்குப் பூட்டு போடுவதில்லை. பூட்டைப் பார்த்தால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று தெரிந்துவிடும், துணியைக் கிழிக்கக் கத்தி போதும். கட்டணக் குளியல் இருந்தால் இரண்டாம் நாள் பிற்பகலில் போகிறேன். காலையில் இருக்கும் வரிசை அப்போது இருக்காது.

பொது முகாமில் முதல் நாள் சீக்கிரம் போய்ச் சேர்வதுதான் பெரிய மூலதனம். நல்ல இடம் என்றால் எனக்கு இவ்வளவு: கழிப்பறையின் விளக்கு கண்ணுக்குத் தெரிய வேண்டும், அதன் கதவுச் சத்தம் காதில் விழக்கூடாது. பெரிய நடைபாதையின் ஓரம் வேண்டாம். இரவெல்லாம் கால்கள் கயிற்றில் இடறும். வேலி ஓரமும் வேண்டாம், ஆண்கள் அங்கே ஒதுங்குகிறார்கள். ஜெனரேட்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பகல் இரைச்சலில் அது கேட்காது, இரவில் விடாது. நிலம் சரிந்திருந்தால் தலை மேட்டுப்பக்கம் இருக்கட்டும். கிழக்கே மரமோ கட்டடமோ இருந்தால் அதன் நிழலுக்குள் அடியுங்கள், காலையில் கூடுதலாக ஒரு மணி நேரம் தூங்கலாம். வெளித்துணியின் நீர்த் தாங்குதிறன் 3000 மி.மீ. அளவில் இருந்தால் நல்ல மழையையும் தாங்கும். அடியில் விரிக்கும் ஷீட் கூடாரத்தின் விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டக் கூடாது, நீட்டினால் மழைநீரைப் பிடித்து உங்கள் முதுகுக்குக் கீழே கொண்டுவரும்.

காதடைப்பானும் கண்கட்டும் எல்லாவற்றையும்விட முக்கியம். நுரையால் ஆன சாதாரணக் காதடைப்பானை விரல்களால் உருட்டி மெல்லியதாக்கி, காதை மேலே இழுத்து, உள்ளே விட்டு, அது விரியும்வரை விரலால் பிடித்திருக்க வேண்டும். பாதிப்பேர் காதின் வாசலில் வைத்துவிட்டு, பயனில்லை என்கிறார்கள். பகலில் மேடையருகே நிற்கும்போதும் அவற்றைப் போடுங்கள். போன செவித்திறன் திரும்பாது.

எந்த வகை முகாமாக இருந்தாலும் கூடாரத்துக்குள் அடுப்போ கரியோ கொண்டுபோகாதீர்கள். அணைந்தது போலத் தெரியும் கரிகூட கார்பன் மோனாக்சைடை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். அதற்கு மணமும் நிறமும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். குளிருக்காகக் கரியடுப்பை உள்ளே இழுத்து வைக்கப் போன இளைஞர்களைத் தடுத்து நிறுத்தியிருக்கிறேன். நீங்களும் பார்த்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

குழுவாகப் போகிறவர்களுக்குள் கருத்து வேறுபட்டால் எல்லோரையும் ஒரே முகாமில் அடைக்க வேண்டியதில்லை. அண்மையில் போன விழாவில் அக்காவும் அவர் மகளும் தயார்க் கூடாரத்தில் தங்கினார்கள். நானும் அத்தானும் அமைதிப் பகுதியில் எங்கள் பழைய கூடாரத்தை அடித்தோம். பிரீமியம் பகுதிக்குள் விருந்தாளியை விடுவார்களா என்று முன்பே கேட்டு வைத்தோம், விடமாட்டோம் என்றார்கள். ஆகவே தண்ணீர்க் குழாய் அருகே ஒரு கம்பத்தைச் சந்திக்கும் இடமாகக் குறித்துக்கொண்டோம். செல்பேசித் தொடர்பு மாலையில் நெரிசலால் அடிக்கடி அறுந்துவிடும் என்பதால், ஒவ்வொரு நாளும் மதியம் ஒரு முறை, கடைசி நிகழ்ச்சி முடிந்ததும் ஒரு முறை அங்கே வருவது என்று பேசி வைத்தோம். அக்கா இருட்டில் தனியாக நடக்கவில்லை, அத்தானுக்குக் கூடுதல் செலவில்லை. இந்தக் கோடைக்கும் அதே ஏற்பாட்டைத்தான் பதிவு செய்திருக்கிறோம். ஒரே ஒரு மாற்றம்: இம்முறை இரு முகாம்களுக்கும் அரங்க வாயில் ஒன்றுதானா என்று வரைபடத்தில் பார்த்த பிறகே பணம் கட்டினோம்.